இன்னொரு சபையின் ஆலயத்தை நாம் எடுத்துக்கொள்ளலாமா?

பழைய_பென்ச்

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி. பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. தொடக்கத்திலிருந்தே வேறொரு சபையின் ஆலயத்தில்தான் ஞாயிறு பிற்பகல் ஆராதனை. அவர்கள் காலையில் முடித்துவிட்டுப் போவார்கள், நாங்கள் உள்ளே போவோம். மைக், டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் பின்னறை அலமாரியில் இருக்கும். அலமாரிக்குப் பூட்டு எங்களுடையது, அறைக்குப் பூட்டு அவர்களுடையது. கிளம்பும்போது எல்லாவற்றையும் கழற்றி அடுக்கி, நாற்காலிகளை அவர்கள் போட்டிருந்த கணக்கில் திரும்பப் போட்டு, பாட்டு எண் பலகையிலிருந்து எங்கள் எண்களை உருவிவிட்டு வர வேண்டும். ஒரு அட்டை மறந்து தொங்கினாலும் மறுநாள் போதகருக்குப் போன் வரும்.

இப்போது விஷயம். அவர்கள் பக்கம் மிச்சம் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்கள். எங்கள் பக்கம் பிந்தி வந்தால் நிற்கத்தான் இடம். போன மாதம் அவர்கள் கமிட்டியே எங்கள் போதகரைக் கூப்பிட்டு, "எங்களால் இனி நடத்த முடியாது, நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டது. அன்றிலிருந்து எங்கள் சபை இரண்டு கட்சி. "கர்த்தர் திறந்த வாசல்" என்கிறது ஒன்று. "வயதானவர்களிடமிருந்து ஆலயத்தைப் பிடுங்கிவிட்டார்கள் என்ற பேச்சு வேண்டாம், வாடகைக்கே இருப்போம்" என்கிறது இன்னொன்று. நான் நடுவில்.

இப்படிக் கைமாறிய ஆலயங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "ஜெபிக்கிறோம் பிரதர்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், தயவுசெய்து.

கோவில்பிள்ளை

ஜெபிக்கிறோம் தம்பி. ஆனால் அதற்கு முன்னால் கூரையைப் பாருங்கள்.

கேலி இல்லை. ஆலயப் பராமரிப்புக் குழுவில் தலை நரைத்தவன் நான். பழைய கட்டடத்தில் பணம் தின்பது கோபுரமோ வண்ணக் கண்ணாடியோ இல்லை, கூரையோரத்தில் மழைநீர் ஓடும் வாய்க்கால். இலை தழை அடைத்துக்கொண்டால் தண்ணீர் வழிந்து சுவருக்குள் இறங்கும். உத்திரத்தின் நுனி சுவரில் செருகியிருக்கும் இடத்தில் மரம் உள்ளேயே உளுத்துப்போகும். கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் காரை பெயர்ந்து பீடத்தில் விழும்போதுதான் தெரியும். ஆட்கள் குறைந்த சபையில் ஏணி ஏறி இலை அள்ள ஆள் இல்லாமல் போயிருக்கும், அது யார் தப்பும் இல்லை. ஆனால் பில் உங்களுக்கு வரும்.

பாரம்பரியச் சின்னம் என்று பட்டியலில் ஏறிய கட்டடமா என்றும் கேளுங்கள். ஏறியிருந்தால் ஜன்னல் மாற்றவே அனுமதி வாங்க வேண்டியிருக்கும். காப்பீடு, மின்கம்பி, சூடேற்றும் கொதிகலன் எல்லாம் அப்புறம். சும்மா கொடுத்தாலும் ஒரு கட்டடப் பொறியாளரை மேலே ஏற்றி அறிக்கை வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாடகைக்கு இருப்பவனுக்கு ஒழுகினால் வாளி வைத்தால் போதும்.

கல்வெட்டு_ரசிகன்

"பிடுங்கிவிட்டார்கள்" என்ற சங்கடத்துக்கு மட்டும் என் பதில். ஆலயம் கைமாறுவது விதிவிலக்கே இல்லை. லண்டன் பிரிக் லேனில் ஒரு கட்டடம். பிரான்சில் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த ஹியூகனாட் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் 1743-இல் கட்டியது. 1809-இல் யூதர்களிடையே ஊழியம் செய்த ஒரு சங்கத்தின் கைக்குப் போனது. 1819-இல் மெத்தடிஸ்ட் ஆலயம், 1898-இல் யூத ஜெபாலயம், 1976 முதல் மசூதி. வங்காளத்திலிருந்து வந்தவர்கள் தொழுகிறார்கள். முகப்பில் ஹியூகனாட்கள் வைத்த சூரியக் கடிகாரம் அப்படியே இருக்கிறது. அதில் லத்தீனில் "நாம் நிழல்" என்று எழுதி, கீழே 1743.

நமக்குப் பக்கத்திலேயே கொழும்பு உல்வெண்டால் ஆலயத்தைப் பாருங்கள். டச்சுக்காரர்கள் 1749-இல் அடிக்கல் போட்டு 1757-இல் பிரதிஷ்டை செய்தது. 1796-இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்குப் போனது. டச்சு வம்சாவளிப் பறங்கியர் சமூகம் அந்த ஆலயத்தை விடாமல் வைத்திருந்தது. பிறகு சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956 சட்டத்தை ஒட்டிய வருடங்களில் அவர்களிலும் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியது. இன்று அங்கே ஆங்கிலம், சிங்களம், தமிழ் மூன்றிலும் ஆராதனை. தரையில் டச்சு ஆளுநர்களின் கல்லறைக் கற்கள், அவற்றின் மேல் நடந்து போய்த் தமிழில் திருவிருந்து எடுக்கிறார்கள். மலாக்காவின் சிவப்பு ஆலயமும் அப்படித்தான். 1753-இல் டச்சு சீர்திருத்தச் சபைக்காகக் கட்டி முடித்தது, 1838 முதல் ஆங்கிலிக்கன்.

இன்னும் பின்னால் போனால் ரோமின் பாந்தியோன் தெய்வங்களுக்குக் கட்டிய கோயில், 609-இல் தேவாலயமானது. நாமும் அடுத்தவர் கட்டடத்தில் குடியேறியவர்கள்தான்.

குறுக்குக்கேள்வி

ஐயா, ரசித்துப் படித்தேன். ஆனால் கேள்விக்குப் பதில் இது இல்லையே? பாந்தியோனைக் கொடுத்தது பேரரசர், உல்வெண்டாலின் கதையைத் திருப்பியது போரும் சட்டமும். அங்கே உள்ளே இருந்தவர்களை யார் கேட்டார்கள்? பழைய_பென்ச் கேட்பது உயிரோடு இருக்கும், முகம் தெரிந்த பத்துப் பேரிடமிருந்து வாங்குவதைப் பற்றி.

அப்புறம், "கைமாறியது" என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போடக்கூடாது. சென்னை ஜார்ஜ் கோட்டை புனித மரியாள் ஆலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1680-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்களுக்காகப் பிரதிஷ்டை ஆனது. 1753-இல் ராபர்ட் கிளைவுக்குத் திருமணம் நடந்த இடம். இன்று சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம். அதை யாரும் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், ஏற்கெனவே இணைந்திருந்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் எல்லாம் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது கட்டடமும் கூடவே வந்தது. உரிமையாளர் மாறவில்லை, உரிமையாளர் என்பதன் வடிவம் மாறியது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள்தான் மெல்ல மெல்ல மாறினார்கள்.

அதற்கு நேர் எதிராக, அதே நகரில் 1772-ஆம் ஆண்டு ஆர்மேனியன் ஆலயம். வணிகர்கள் போய்விட்டார்கள், சபையே இல்லை. ஆனால் இன்றும் ஆர்மேனியர்கள்தான் பராமரிக்கிறார்கள். வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அதுவும் ஒரு முடிவுதான். அழகான ஆலயம், ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லை.

தூரத்து_மணியோசை

இஸ்தான்புல் ஹாகியா சோபியாவை ஏன் யாரும் சொல்லவில்லை?? 2020-இல் அதை மறுபடி மசூதியாக்கியதைப் பற்றி இந்தத் தளத்தில் வாய் திறக்க மாட்டீர்களே

மட்டுறுத்துநர்

அதற்குத் தனி இழை இருக்கிறது, ஏற்கெனவே பூட்டியும் ஆகிவிட்டது. இங்கே வேண்டாம்.

ஆல்டோ_குரல்

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். நான் போவது தமிழ்ச் சபை இல்லை. வீட்டுக்கு அருகிலிருந்த பழைய சபைதான், பாடகர் குழுவில் ஆல்டோ. எங்கள் சபைதான் இன்னொரு நாட்டிலிருந்து வந்த ஒரு சபைக்கு முதலில் பிற்பகலைக் கொடுத்தது, பிறகு கட்டடத்தையே கொடுத்தது.

எங்களிடம் ஒரு பாட்டி இருந்தார். வடக்குச் சுவரில் ஒரு பித்தளை நினைவுத் தகடு, போரில் இறந்த அவருடைய அண்ணனின் பெயர் அதில் உண்டு. சனிக்கிழமைதோறும் ஒரு துணியும் டப்பாவும் எடுத்துக்கொண்டு வந்து அதைத் தேய்ப்பார். தகட்டின் மற்றப் பெயர்கள் மங்கியிருக்க, அந்த ஒரு வரி மட்டும் தேய்ந்தே பளபளக்கும். புதிய சபை வந்ததும் வசனம் காட்டும் திரைக்கு அந்தச் சுவர்தான் வாகாக இருந்தது. தகட்டைக் கழற்றி, செய்தித்தாளில் பத்திரமாகச் சுற்றி, பின்னறையில் வைத்தார்கள். உடைக்கவில்லை, எறியவில்லை. கேட்கவும் இல்லை. பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை.

எங்களுக்கு டிரம்ஸ் தொந்தரவு இல்லை, புரியாத மொழியும் தொந்தரவு இல்லை. உண்மையில் அந்தச் சத்தம் கேட்டு எங்களில் பலருக்குச் சந்தோஷம், நம் ஆலயத்தில் திரும்பக் குழந்தைகள் ஓடுகிறார்கள் என்று. கூசியது என்னவென்றால், பத்திரம் கைமாறிய மறுநாளே எங்களை யாருக்கும் கண்ணுக்குத் தெரியவில்லை.

அதனால் தம்பி, வாங்குவது தப்பில்லை. வாங்கும்போது அந்த முதியவர்களுக்குக் காலை ஆராதனை நேரம் அவர்கள் இருக்கும்வரை உண்டு என்று எழுத்தில் கொடுங்கள். சுவரில் என்ன இருக்கிறதோ அதைத் தொடுவதற்கு முன் யாரைக் கேட்க வேண்டும் என்றும் எழுதுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னது அடுத்த கமிட்டிக்கு ஞாபகம் இருக்காது.

பழைய_பென்ச்

அக்கா, மனசு கனத்துவிட்டது. இதை அப்படியே எங்கள் கமிட்டி வாட்ஸ்ஆப்பில் போடலாமா? பெயர் எதுவும் இல்லையே.

கோவில்பிள்ளை அண்ணாச்சி, கூரை பற்றி விசாரித்தேன். "பார்க்க வேண்டிய வேலைகள் கொஞ்சம் இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

கோவில்பிள்ளை

சிரித்தார்களா. அப்போ பொறியாளரைச் சீக்கிரம் கூப்பிடு.

பத்திரம்_பார்ப்பவன்

எல்லாரும் எடுக்கலாமா வேண்டாமா என்று பேசுகிறீர்கள். எனக்கு முதல் கேள்வியே வேறு. அந்தக் கமிட்டிக்குக் கொடுக்கும் அதிகாரம் இருக்கிறதா?

பல திருச்சபைகளில் கட்டடம் உள்ளூர்ச் சபையின் பெயரில் இருக்காது. மறைமாவட்டமோ, சினாடு என்ற திருச்சபைப் பேரவையோ, ஒரு அறக்கட்டளையோ பிடித்திருக்கும். சி.எஸ்.ஐ. சொத்துகள் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருப்பது இங்கே பலருக்குத் தெரியும். மெத்தடிஸ்ட்கள், பிரஸ்பிட்டேரியன்கள் பல நாடுகளில் இதே போல. உள்ளூர்க் கமிட்டி மனதாரக் கொடுக்கிறேன் என்றாலும் மேலிடம் சந்தை விலைக்கு விற்கப் பார்க்கலாம். பாப்டிஸ்ட், காங்கிரிகேஷனல் மரபில் உள்ளூர்ச் சபையின் கை பலமாக இருக்கும். அங்கேயும் மூலப் பத்திரத்தைப் படியுங்கள். நிலம் கொடுத்தவர், "ஆராதனை நின்றால் நிலம் என் வாரிசுகளுக்கே" என்று ஒரு வரி போட்டிருந்தால் எல்லாம் தலைகீழ்.

கத்தோலிக்கத்தில் வழி தனி. திருச்சபைச் சட்டம் 518-இன்படி மொழி, இனம், வழிபாட்டு முறை அடிப்படையில் தனிப் பங்கு, அதாவது ஒரு பங்குக்குருவின் கீழ் தனிச் சபை, அமைக்க ஆயருக்கு அதிகாரம் உண்டு. எந்த ஊரில் குடியிருந்தாலும் அந்த மொழிக்காரர் அந்தப் பங்கைச் சேர்ந்தவர் ஆகலாம். கனடாவில் தமிழ்ப் பங்கு இருப்பது இந்த வகையில்தான். ஆலயத்தை மூடி வேறு பயனுக்குக் கொடுப்பது சட்டம் 1222-இல் வரும். அந்தப் பயன் இழிவானதாக இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. 2018-இல் வத்திக்கான் இதற்கென்றே ரோமில் மாநாடு கூட்டி வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்த அளவுக்குப் பிரச்சினை முற்றியிருக்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருப்பவர்களுக்கு: 1969-இல் இயற்றிய ஆலயக் கட்டடப் பகிர்வுச் சட்டம் ஒன்று உண்டு. இரண்டு சபைகள் ஒரே கட்டடத்தைச் சட்டப்படி ஒப்பந்தம் போட்டுப் பகிரலாம். சொந்தம் ஒருவர் பெயரிலும் இருக்கலாம், இருவர் பெயரிலும் இருக்கலாம். செலவு யார், நேரம் யாருக்கு, சண்டை வந்தால் எப்படி முடிப்பது எல்லாம் ஒப்பந்தத்தில் வந்துவிடும். எல்லாச் சபைகளும் அதற்குள் வராது, பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அவசரப்பட வேண்டாம். 1991 வழிபாட்டுத் தலங்கள் சட்டம், ஒரு மதப்பிரிவின் தலத்தை அதே மதத்தின் இன்னொரு பிரிவின் தலமாக மாற்றுவதையும் தடுக்கிறது. மசூதி-கோயில் பேச்சில் இந்த வரி யார் கண்ணிலும் படுவதில்லை.

குறுக்குக்கேள்வி

பகிர்வது பற்றிச் சொன்னதால் ஒன்று. ஜெர்மனியின் பவுட்சன் நகரில் புனித பேதுரு பேராலயம், 1524 முதல் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் ஒரே கூரைக்கடியில். பீடப்பகுதி கத்தோலிக்கருக்கு, நடுமண்டபம் லூத்தரன்களுக்கு. நடுவில் ஒரு தடுப்பு. முன்பு ஆளுயரத்துக்கு மேல் இருந்தது, இப்போது குனிந்தால் மறுபக்கம் கை நீட்டலாம். ஐரோப்பாவே மதப்போரில் எரிந்த காலத்திலும் அந்த ஏற்பாடு நின்றது. காரணம் அன்பு என்று சொல்லமாட்டேன். யாருக்கு எந்த மணி, எந்த வாசல் என்று கறாராக வரையறுத்ததுதான்.

எருசலேமின் திருக்கல்லறை ஆலயத்தில் வரையறை முற்றிப்போய்க் கல்லாகிவிட்டது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ், லத்தீன் கத்தோலிக்கர், ஆர்மேனியர் மூவருக்கும் பெரும்பங்கு, காப்டிக், சிரியன், எத்தியோப்பியருக்குச் சிறு பங்கு. ஒட்டோமான் ஆட்சி 1852-இல் "இருந்தது இருந்தபடி" என்று ஆணை போட்டதுதான் இன்றும் சட்டம். முகப்பு ஜன்னலடியில் ஒரு மர ஏணி 18-ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது, நகர்த்த யாருக்கும் உரிமை இல்லை. வாசல் சாவி இரண்டு முஸ்லிம் குடும்பங்களிடம். 2008-இல் துறவிகளே அடித்துக்கொண்டு போலீஸ் வந்தது. ஆனால் கல்லறை மேலுள்ள சிறு மண்டபம் இடிந்துவிழும் நிலைக்கு வந்ததும் மூவரும் கையெழுத்துப் போட்டு 2017-இல் சீரமைத்து முடித்தார்கள்.

நம்மவர்களும் கெட்டிக்காரர்கள்தான். வடக்கன்குளத்தில் ஒரே பீடத்துக்கு இரண்டு கைகளாகப் பிரிந்த ஆலயம் கட்டி, சாதி பார்த்து உட்கார வைத்தோம். நடுவில் சுவர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் அந்தச் சுவரை இடித்தபோது வழக்கு, கலவரம் எல்லாம் நடந்தது. அதனால் வெளிநாட்டில் போய் "அவர்கள் நம்மை விருந்தாளியாக நடத்துகிறார்கள்" என்று குறைபட்டுக்கொள்ளும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வது நல்லது.

இரண்டாம்_தலைமுறை

நான் எழுதுவது பெரியவர்கள் சிலருக்குப் பிடிக்காது. எழுத்துப்பிழை இருந்தால் மன்னியுங்கள், தமிழ் டைப்பிங் கற்றது இந்தத் தளத்தில்தான்.

எங்கள் சபையும் இப்படி ஒரு ஆலயத்தை வாங்கியது. அப்பா தலைமுறை உயிரைக் கொடுத்து உழைத்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இப்போது நான் வளர்ந்து, என் வயதுக்காரர்களைப் பார்க்கிறேன். பிரசங்கத்தில் பாதிதான் எங்களுக்குப் பிடிபடுகிறது. கீர்த்தனை பிடிக்கும், அர்த்தம் கேட்டால் முழிப்போம். கல்யாணமானதும் பெரும்பாலானவர்கள் வேறு சபைக்குப் போய்விட்டார்கள். இன்னும் கொஞ்ச காலத்தில் எங்கள் ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்திருப்பதும் விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்கள்தான்.

கல்வெட்டு ஐயா, பிரிக் லேன் கதையில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஹியூகனாட்களை யாரும் துரத்தவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வந்துவிட்டது, இங்கிலாந்துச் சபைக்குப் போனார்கள், வேறு பகுதிகளில் வீடு பார்த்தார்கள். பிரெஞ்சு ஆராதனைக்கு ஆள் இல்லை. அவ்வளவுதான். அமெரிக்காவில் சுவீடன்காரர்கள் 1860-இல் அகஸ்டானா என்று ஒரு லூத்தரன் சினாடு தொடங்கினார்கள். 1920-களில் ஆராதனை ஆங்கிலத்துக்கு மாறியது, 1962-இல் பெரிய சபையோடு இணைந்து அந்தப் பெயரே போனது.

நீங்கள் எல்லாரும் "அந்த முதியவர்களிடமிருந்து வாங்கலாமா" என்று கேட்கிறீர்கள். அடுத்த வரிசையில் கொடுக்கப்போவது நாம்தானே? அதை இப்போதே பத்திரத்தில் எழுதினால் என்ன?

நெடுங்கால_வாசகர்

மகளோ மகனோ தெரியவில்லை, கோபிக்காதே. ஆனால் வாங்கும் முன்னே விற்கும் பேச்சா? நாங்கள் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்து ஆலயத்துக்கு வெள்ளையடித்தவர்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை என்றால் சொல்லிக்கொடுப்போம், ஆலயத்தை விட்டுக்கொடுக்க மாட்டோம். சிங்கப்பூரில் ஓபிர் சாலை லூர்து மாதா ஆலயம் 1888-இல் தமிழர்களுக்கென்று கட்டியது. இன்றும் அங்கே தமிழ்ப் பூசை நடக்கிறது.

இரண்டாம்_தலைமுறை

நடக்கிறது அங்கிள். ஆங்கிலப் பூசையும் நடக்கிறது. அதனால்தான் தமிழ்ப் பூசை இன்னும் நடக்கிறது என்று நான் நினைக்கிறேன். வெள்ளையடித்ததை மதிக்காமல் சொல்லவில்லை.

நெடுங்கால_வாசகர்

சரி. அந்தக் கோணத்தில் நான் பார்க்கவில்லை. ஆனால் மனசு ஒப்பவில்லை.

கல்வெட்டு_ரசிகன்

இரண்டாம்_தலைமுறை சொன்னது நியாயம். அதோடு ஒன்று. சபை கரைவது ஒரு வழிப்பாதை இல்லை. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தங்களைக் கிறிஸ்தவர் என்றவர்கள் முதல்முறையாகப் பாதிக்குக் கீழே, 46.2 சதவீதம். அதே நாட்டில், 1952-இல் நைஜீரியாவின் லாகோஸில் தொடங்கிய ரிடீம்ட் சபை பழைய திரையரங்குகளையும் கிடங்குகளையும் ஆலயமாக்கிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியின் கெவெலாரிலும் சுவிட்சர்லாந்தின் மரியாஸ்டைனிலும் தமிழர் யாத்திரை நாளன்று போய்ப் பாருங்கள், பாதிப்பேர் நெற்றியில் திருநீறோடு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருப்பார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் உருவாகும் சபை அது. எந்தப் பதிவேட்டிலும் வராது.

யாரும் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் 13-ஆம் நூற்றாண்டு டொமினிக்கன் ஆலயம் 2006 முதல் புத்தகக்கடை. மிக அழகான கடை என்பதையும் சொல்லிவிட வேண்டும், எனக்குப் புத்தகக்கடைகள் மேல் பலவீனம்.

பத்திரம்_பார்ப்பவன்

இரண்டாம்_தலைமுறை கேட்டதற்குச் சட்டப்படி பதில்: எழுதலாம். "தமிழ்ச் சபைக்கு" என்று எழுதாமல் "கிறிஸ்தவ ஆராதனைக்கு" என்று அறக்கட்டளை நோக்கத்தை அகலமாக வைத்துக்கொள்ளுங்கள். சபை கலைந்தால் சொத்து யாருக்குப் போகும் என்று ஒரு பிரிவு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கடைசியில் மிஞ்சும் நாலு டிரஸ்டிகள் நீதிமன்றத்தில்தான் ஞாயிறு கொண்டாடுவார்கள். அறங்காவலர்களில் இளையவர்கள் இருக்க வேண்டும், பழைய சபையிலிருந்தும் இருவரையாவது உட்கார வையுங்கள்.

கல்லறைத் தோட்டம் இருக்கிறதா?

பழைய_பென்ச்

இருக்கிறது, பின்புறம். அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

பத்திரம்_பார்ப்பவன்

அதுதான் முதலில் பேச வேண்டியது. அடக்கம் இன்னும் நடக்கிறதா, குடும்பங்களுக்கு வந்துபோகும் உரிமை என்ன, சுற்றுச்சுவர் விழுந்தால் யார் பொறுப்பு. ஆலயத்தைத் தனியாகவும் கல்லறையைத் தனியாகவும் பத்திரம் செய்ய முடியுமா என்று உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

பழைய_பென்ச்

நேற்று இரு கமிட்டியும் சேர்ந்து உட்கார்ந்தோம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

பத்திரம் அவர்கள் பெயரில் இல்லை, மேலிடத்தின் பெயரில். கமிட்டியில் பாதிப்பேருக்கே அது தெரியாது. அதனால் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்பது இப்போதைக்குப் பேச்சு மட்டும். மேலிடத்துக்கு இரண்டு சபையும் சேர்ந்து கடிதம் எழுதுவதாக முடிவு, முதலில் பகிர்வு ஒப்பந்தம், உரிமை பிறகு. காலை ஆராதனை அவர்களுக்கே. ஆல்டோ அக்காவின் பதிவை மொழிபெயர்த்து வாசித்தேன். அவர்கள் பக்கத்து ஒரு பெரியவர் எழுந்து போய், நாங்கள் எதையெல்லாம் தொடக்கூடாது என்று சுவர் சுவராகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். முக்கால்வாசி எங்களுக்கு இருப்பதே தெரியாது. கதவுக்குப் பின்னால் ஒரு தகடு, இத்தனை வருஷம் அதன் மேல்தான் நாங்கள் கோட் மாட்டிக்கொண்டிருந்தோம்.

பொறியாளர் வருகிற வாரம் ஏறுகிறார். டிரஸ்டி வயது பற்றிய பேச்சு எடுத்தபோது எங்கள் பக்கம் சத்தம் கொஞ்சம் கூடியது, அது இன்னும் முடியவில்லை.

ஆல்டோ_குரல்

நல்லது தம்பி. ஆர்கன் இருக்கிறதா அங்கே? அதை என்ன செய்யப்போகிறீர்கள்?

கோவில்பிள்ளை

அம்மா, ஆர்கன் பேச்சை எடுத்தால் இந்த இழை கிறிஸ்துமஸ் வரை ஓடும். தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன்.